134 இடம் ஜெயித்தாயிற்று, மேயர் எங்கே?

8 டிசம்பர் 2022, காலை (சென்னையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

டெல்லி மாநகராட்சியில் ஆம் ஆத்மிக்கு 134, பாஜகவுக்கு 104, காங்கிரஸுக்கு 9, சுயேச்சை 3. பாஜகவின் பதினைந்து வருட ஆட்சி முடிந்தது. அப்படியென்றால் மேயர் ஆம் ஆத்மி ஆள்தானே? ஆனால் மேயர் தேர்தல் இனிமேல்தான், பொறுத்துப் பாருங்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். இனி என்ன தடை இருக்க முடியும்? டெல்லியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

8 டிசம்பர் 2022, இரவு

ஜங்புராவில் இருக்கிறேன். கல்யாணமாகி 1998-இல் இங்கே வந்தேன். இந்த ஊரில் எனக்கு இது எத்தனையாவது மாநகராட்சி ஓட்டு என்று எண்ணிப் பார்த்தால் கை விரல் போதும், ஆனால் ஒரு தடவையும் மேயர் பெயர் தெரிந்து ஓட்டுப் போட்டதில்லை.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில்: தடை ஒன்றும் இல்லை. 250 வார்டு, பாதிக்கு மேல் என்றால் 126 வேண்டும், 134 இருக்கிறது. கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் ஊரில் இந்த வருடம் பிரியா மேயரானதும் இப்படித்தான். 1996-இல் ஸ்டாலினுக்கு மக்கள் நேராக ஓட்டுப் போட்டார்கள், இப்போது அந்த முறை அங்கேயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது வாசலில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா நின்றிருந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். பாராபுல்லா நாலா (பெரிய கழிவுநீர்க் கால்வாய்) ஓரத்தில், மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடித்தனம். விரலில் மை காயக்கூட இல்லை. "நாலாவை அள்ளுறேன்னு சொன்னாங்கம்மா, போட்டுட்டேன்" என்றார். அவர் போட்டது கவுன்சிலருக்கு. மனதில் நினைத்துப் போட்டது நாலாவுக்கு. மேயர் என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை.

10 டிசம்பர் 2022

முந்தாநாள் எழுதியதைத் திருத்துகிறேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

மேயருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் 250 பேர் இல்லை, 274 பேர். டெல்லியின் 7 மக்களவை உறுப்பினர்கள், 3 மாநிலங்களவை உறுப்பினர்கள், சட்டமன்ற சபாநாயகர் நியமிக்கும் 14 எம்எல்ஏக்கள், இவர்களுக்கும் ஓட்டு உண்டு. மக்களவை ஏழும் பாஜக. மாநிலங்களவை மூன்றும் ஆம் ஆத்மி. ஆக, வேண்டியது 138.

கணக்குப் பார்த்தால் இப்போதும் ஆம் ஆத்மிதான் முன்னால். ஆனால் இரண்டு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டேன். ஓட்டு ரகசிய ஓட்டு. கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே கவுன்சிலரைத் தொடாது. சட்டமன்றத்தில் கட்சி மாறினால் பதவி போகும், மாநகராட்சியில் போகாது. எந்தக் கவுன்சிலர் யாருக்குக் குத்தினார் என்று கட்சித் தலைமைக்கே தெரியாது.

நேற்று நடந்ததையே பாருங்கள். காங்கிரஸ் கவுன்சிலர்கள் இரண்டு பேர் ஆம் ஆத்மியில் சேர்ந்தார்கள், விடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். ஓட்டு எண்ணி மூன்று நாள்கூட ஆகவில்லை. அந்த இரண்டு வார்டிலும் வரிசையில் நின்றவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

24 டிசம்பர் 2022

வேட்பாளர் அறிவித்துவிட்டார்கள். ஷெல்லி ஓபராய், கிழக்கு படேல் நகர் வார்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், வயது 39, முதல் முறை கவுன்சிலர். வார்டில் ஜெயித்தது 269 ஓட்டு வித்தியாசத்தில்.

இங்கே மேயர் பதவி வருடத்துக்கு ஒருவர். முதல் வருடம் பெண்ணுக்கு, மூன்றாம் வருடம் பட்டியல் சாதியினருக்கு என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இப்போது பெண் வேட்பாளர். சுதந்திரப் போராட்டத்தில் கொடி ஏற்றிய அருணா ஆசஃப் அலி 1958-இல் மேயராக உட்கார்ந்த நாற்காலி இது.

269 என்ற எண்ணை நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் இரண்டு பிளாக் மனசு மாறியிருந்தால் அவர் கவுன்சிலரே இல்லை. அது அவருடைய குறை என்று சொல்ல வரவில்லை. குப்பை, பன்றி, தெருநாய், பூங்கா விளக்கு என்று பேசி 269 ஓட்டில் ஜெயித்த ஒருவர், அடுத்து தன் கட்சியின் 134 பேரையும் கலையாமல் வைத்திருக்க வேண்டும். வார்டில் வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். அங்கே திரைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு பேனா, அவ்வளவுதான்.

அப்புறம், மன்றத்தில் பழைய ஆட்கள் நிறைய. இரண்டு மூன்று முறை ஜெயித்து விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் எதிர்வரிசையில் இருக்கிறார்கள். புதியவருக்கு அது பெரிய சவால் என்று நினைக்கிறேன்.

28 டிசம்பர் 2022

முதலில் வலுவான எதிர்க்கட்சியாக இருப்போம் என்ற பாஜக, இப்போது வேட்பாளரை நிறுத்திவிட்டது. ரேகா குப்தா, ஷாலிமார் பாக் பக்கம். மூன்று முறை கவுன்சிலர், 1996-97-இல் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர். நான் சொன்ன 'விதிப் புத்தகம்' இவர்தான்.

என் வீட்டுக்காரர் ஒன்று கேட்டார்: எண்ணிக்கை இல்லாமல் ஏன் நிற்கிறார்கள்? நிற்பதற்குச் செலவு இல்லை, எதிர்பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் தடுமாறினால் லாபம், என்றேன். இதை எழுதும்போது அது மட்டும்தான் காரணமா என்று சந்தேகமாக இருக்கிறது. யோசிக்கிறேன்.

வாசகர் ஒருவர் கேட்டதற்குப் பதில்: ஆமாம், மாநகராட்சி வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஜனவரியில் மேயரானால் மார்ச் 31 வரைக்கும்தான். ஏப்ரலில் மறுபடி தேர்தல். பிரியாவுக்கு ஐந்து வருடம், இவருக்கு மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. காசிப்பூர் குப்பை மலையைக் கரைக்கிறேன் என்று சொல்லி ஓட்டு வாங்கிய கட்சி இது. அந்த மலை 1984-இலிருந்து வளர்கிறது. 2002-லேயே நிரம்பிவிட்டது என்று சொல்லியும் கொட்டினார்கள். 2017 செப்டம்பரில் ஒரு பக்கம் சரிந்து இரண்டு பேர் செத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க நாங்கள் காசிப்பூர் சந்தைக்குத்தான் போவோம். வஞ்சிரம் கிடைக்கும். வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால் மலை உச்சியில் பருந்துகள் வட்டமடிக்கும், எறும்பு மாதிரி லாரி ஏறும். மீன்காரர் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டே மலையைப் பார்க்காமல் பேசுவார், பழகிவிட்டது. அதை மூன்று மாத மேயர் என்ன செய்ய முடியும்?

6 ஜனவரி 2023

இன்று மேயர் தேர்தல் நடக்கவில்லை.

மின்டோ சாலை சிவிக் சென்டரில் 11 மணிக்குக் கூட்டம். தற்காலிகத் தலைவராக வந்தவர் பாஜக கவுன்சிலர் சத்யா சர்மா. கவுன்சிலர்களுக்கு முன்னால் நியமன உறுப்பினர்களைப் பதவிப் பிரமாணத்துக்குக் கூப்பிட்டார். ஆம் ஆத்மி கவுன்சிலர்கள் எழுந்து கத்தினார்கள், மேசை மேல் ஏறினார்கள், தள்ளுமுள்ளு. கூட்டம் ஒத்திவைப்பு.

ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் மொபைலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மே மாதம் மூன்று மாநகராட்சிகளை ஒன்றாக்கியதிலிருந்து இந்த ஊருக்கு மேயர் கிடையாது. அதிகாரிதான் நடத்துகிறார். ஏழரை மாதம் ஆகிறது.

8 ஜனவரி 2023

நியமன உறுப்பினர் விஷயத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கணக்கு எழுதுவதுதான் என் வேலை, அதனால் நோட்டில் போட்டுப் பார்த்தேன்.

மத்திய அரசின் பிரதிநிதியான துணைநிலை ஆளுநர் 10 பேரை நியமித்திருக்கிறார். நகராட்சி விஷயத்தில் அனுபவம் உள்ளவர்கள் என்ற பேரில் நியமிப்பது, ஆல்டர்மேன் என்பார்கள். இவர்களுக்கு மேயர் ஓட்டு உண்டா இல்லையா என்பதுதான் சண்டை என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சபாநாயகர் நியமித்த 14 எம்எல்ஏக்களில் 13 ஆம் ஆத்மி, 1 பாஜக. ஆம் ஆத்மி: 134 + 13 + 3 = 150. பாஜக: 104-உடன் முண்ட்கா வார்டில் ஜெயித்த சுயேச்சையும் சேர்ந்து 105, + 7 + 1 = 113. பத்து நியமன ஓட்டையும் கூட்டினால் 123. மிச்சம் இரண்டு சுயேச்சையையும் போட்டாலும் 125. எட்டவே எட்டாது. பத்து ஓட்டு மேயரை மாற்றாது என்றால் பத்து ஓட்டுக்கு ஏன் இவ்வளவு அடிதடி?

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. மாநகராட்சியின் பணப்பெட்டி மேயரிடம் இல்லை. நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம், அவரை நியமிப்பது மத்திய அரசு. 5 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தம் என்றால் நிலைக்குழு ஒப்புதல் வேண்டும். நிலைக்குழுவில் 18 பேர். 6 பேரை முழு மன்றமும் தேர்ந்தெடுக்கும். 12 பேர், மண்டலத்துக்கு ஒருவராக, மண்டலக் குழுக்களிலிருந்து வருவார்கள். மண்டலக் குழுவில் நியமன உறுப்பினருக்கு ஓட்டு உண்டு, அதில் தகராறே இல்லை.

இந்தப் பத்துப் பேரையும் மூன்று மண்டலத்துக்குள் போட்டிருக்கிறார்கள்: நரேலா, சிவில் லைன்ஸ், சென்ட்ரல். பன்னிரண்டு மண்டலத்துக்கும் பரவலாகப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. மூன்றில் குவித்தால் அந்த மூன்று இடமும் சாயும்.

ஆக, முன்னணியில் இருக்கும் ஓபராய்க்கு மேயர் நாற்காலி பெரிய கஷ்டம் இல்லை என்றே நினைக்கிறேன். கஷ்டம் அதற்கு அடுத்த அறையில் இருக்கிறது. நிலைக்குழு எதிர்த்தரப்பிடம் போனால் அவர் நாடா வெட்டலாம், கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், மலையைக் கரைக்க ஒப்பந்தம் போட முடியாது.

டிசம்பர் 28 குறிப்பில் என் வீட்டுக்காரருக்குச் சொன்ன பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள். தடுமாறும் பத்துப் பேருக்காக மட்டும் இல்லை.

25 ஜனவரி 2023

நேற்று கவுன்சிலர்கள், நியமன உறுப்பினர்கள் எல்லோரும் பதவி ஏற்றார்கள். அதன் பிறகு கூச்சல், ஒத்திவைப்பு. மேயர் இல்லை.

7 பிப்ரவரி 2023

மூன்றாவது முறையும் நடக்கவில்லை. நியமன உறுப்பினர்களும் ஓட்டுப் போடலாம், மேயர், துணை மேயர், நிலைக்குழு மூன்றுக்கும் சேர்த்தே தேர்தல் என்று தற்காலிகத் தலைவர் சொன்னார். ஆம் ஆத்மி ஒப்புக்கொள்ளவில்லை. இனி உச்ச நீதிமன்றம்தான்.

அக்கா இன்று ஈரக் காலோடு வந்தார். பனிக்காலத்தில் மழை இல்லை, நாலாவில் எங்கோ அடைத்து ஓரமாக ஏறியிருக்கிறது. வீட்டு வாசலில் செங்கல் வைத்து இரண்டு படி உயர்த்திக் கட்டியிருக்கிறாராம், முதல் படி வரை வந்துவிட்டது. "ஜெயிச்சவங்க இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டார். ஜெயித்தவர்கள் மூன்று தடவை ஒரே அறைக்குப் போய்த் திரும்பி வந்த கதையை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காபியைக் கையில் கொடுத்தேன்.

17 பிப்ரவரி 2023

தீர்ப்பு வந்துவிட்டது. தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு. அரசியல் சாசனத்தின் 243ஆர் பிரிவுப்படி நியமன உறுப்பினருக்கு மன்றத்தில் ஓட்டு இல்லை. முதலில் மேயர் தேர்தல், பிறகு அந்த மேயர் தலைமையில் மற்ற தேர்தல்கள். 24 மணி நேரத்துக்குள் அறிவிப்பு.

எனக்கு ரொம்ப சந்தோஷம். தீர்ப்பு எந்தக் கட்சிக்குச் சாதகம் என்பதற்காக இல்லை. பத்துப் பேரும் யாரிடமும் ஓட்டுக் கேட்காதவர்கள். விரலில் மையோடு வந்த அக்காவின் ஓட்டும் அவர்களுடைய ஓட்டும் ஒரே தட்டில் நிற்கக் கூடாது.

ஆனால் மண்டலக் குழு அப்படியே இருக்கிறது. ஜனவரி 8 குறிப்பு இன்னும் செல்லும்.

22 பிப்ரவரி 2023, மாலை

ஷெல்லி ஓபராய் மேயர். அவருக்கு 150, ரேகா குப்தாவுக்கு 116.

நோட்டைத் திறந்து பார்த்தேன். 150 என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். தன் கட்சியின் ஓட்டில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரகசிய ஓட்டு, தாவல் தடை இல்லை, இரண்டரை மாத இழுபறி, இத்தனைக்கும் பிறகு எண்ணிக்கை குறையவில்லை. டிசம்பர் 10-இல் கவுன்சிலர்களைப் பற்றி நான் எழுதியது கொஞ்சம் கடுமைதான். அதை இங்கே திருத்திக்கொள்கிறேன்.

மார்ச் 31 வரை எண்ணினால் இன்றோடு சேர்த்து 38 நாள்.

25 பிப்ரவரி 2023

மூன்று நாள் முன்னால் எழுதியதை இன்று படிக்கவே மனசு வரவில்லை.

நிலைக்குழுவின் 6 இடத்துக்குத் தேர்தல். 22-ஆம் தேதி ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள், தண்ணீர் பாட்டில் பறந்தது, ஓட்டுப் பெட்டியைத் தூக்கி வீசினார்கள். நேற்று மறுபடி ஓட்டுப் போட்டார்கள். எண்ணும்போது ஒரு ஓட்டு செல்லாது என்று மேயர் சொல்ல, கைகலப்பு. சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், முடியைப் பிடித்து இழுக்கிறார்கள், ஒருவர் மயங்கி விழுகிறார். எல்லாம் நேரலை. பவானா வார்டு ஆம் ஆத்மி கவுன்சிலர் நேற்று காலையில்தான் பாஜகவுக்குப் போனார்.

ஒரே ஒரு ஓட்டு. அந்த ஓட்டு செல்லும் என்றால் 3-3, செல்லாது என்றால் 4-2. பதினெட்டுப் பேர் குழுவில் ஓர் இடம் எவ்வளவு பெறும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. மேயர் ஓட்டெடுப்பின்போது இப்படி ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளவில்லை. பணப்பெட்டிக்கு அடித்துக்கொண்டார்கள்.

இதையும் சொல்ல வேண்டும். ஓட்டு செல்லாது என்ற முடிவில் மேயர் அவசரப்பட்டுவிட்டார் என்று எனக்குப் படுகிறது. புதியவர், பழைய கைகளுக்கு நடுவே தனியாக நிற்கிறார், புரிகிறது. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் ஒரு கட்சியின் வேட்பாளர் இல்லை.

(பிற்சேர்க்கை, 24 மே 2023: இந்த 6 இடத்துக்கு மேயர் அறிவித்திருந்த மறுதேர்தலை உயர் நீதிமன்றம் நேற்று ரத்து செய்துவிட்டது. அந்த ஓட்டையும் சேர்த்தே முடிவை அறிவிக்கச் சொல்லியிருக்கிறது. 3-3 தான்.)

26 ஏப்ரல் 2023

38 நாள் முடிந்து, புது வருடத் தேர்தல். எதிர்த்து நின்ற ஷிகா ராய் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். ஓபராய் போட்டியில்லாமல் மறுபடி மேயர்.

ஏன் விலகினார்கள் என்று கேட்டவருக்கு: நிலைக்குழு அமையாதவரை மேயர் நாற்காலியில் யார் இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு நஷ்டம் இல்லை. என் அபிப்பிராயம்தான்.

5 செப்டம்பர் 2024

ஒரு வருடத்துக்கு மேல் இங்கே எழுதவில்லை. எழுதும்படி எதுவும் நகரவில்லை. நிலைக்குழு இன்னும் இல்லை. அது அமையும்வரை அதன் அதிகாரத்தை முழு மன்றமே எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டு, மேயர் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்.

போன மாதம் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு. டெல்லி அரசைக் கேட்காமலே நியமன உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கலாம். 2023 மே மாதம் வாதம் முடிந்த வழக்கு, தீர்ப்பு வர ஒரு வருடத்துக்கு மேல்.

நேற்று மண்டலக் குழுத் தேர்தல். 12-இல் பாஜக 7, ஆம் ஆத்மி 5.

நோட்டைத் தேடி எடுத்தேன். 2023 ஜனவரி 8 பக்கம். நரேலா, சிவில் லைன்ஸ், சென்ட்ரல் என்று வட்டம் போட்டிருந்தேன். என் கணக்கு சரியாக வந்தது என்று சந்தோஷப்பட முடியவில்லை. 134 வார்டில் ஜெயித்த கட்சிக்கு 12 மண்டலத்தில் 5.

15 நவம்பர் 2024

ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய மேயர் தேர்தல் நேற்று நடந்தது. தற்காலிகத் தலைவரை நியமிக்க முதல்வரின் பரிந்துரை வேண்டும் என்றார்கள், முதல்வர் அப்போது சிறையில். ஏழு மாதம் ஓடிவிட்டது. மூன்றாம் வருடம் பட்டியல் சாதியினருக்கு உரியது, அதில் பாதிக்கு மேல் அந்தச் சமூகத்துக்குக் கிடைக்காமலே போனது. இதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆம் ஆத்மியின் மகேஷ் கிச்சி 133, பாஜகவின் கிஷன் லால் 130. மூன்று ஓட்டு வித்தியாசம். 2 செல்லாதவை.

150-லிருந்து 133. டிசம்பர் 10 குறிப்பைக் கடுமை என்று 2023-இல் திருத்தினேன் அல்லவா? அந்தத் திருத்தத்தை வாபஸ் வாங்குகிறேன். ரகசிய ஓட்டும் தாவலும் முதல் வருடம் வேலை செய்யவில்லை, மூன்றாம் வருடம் செய்தது. அறையில் அதிகாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிய அவர்களுக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

20 பிப்ரவரி 2025

ரேகா குப்தா இன்று டெல்லி முதல்வராகப் பதவி ஏற்றார். 116 ஓட்டு வாங்கி மேயர் தேர்தலில் தோற்ற அதே ரேகா குப்தா.

சென்னை நண்பரே, நீங்கள் முதலில் கேட்ட கேள்வி: முன்னணியில் இருப்பவருக்கு என்ன தடை? இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அன்று முன்னணியில் இருந்தவர் இப்போது சட்டமன்றத்தில் எதிர்வரிசைக்குப் போன கட்சியின் கவுன்சிலர், தோற்றவர் முதல்வர். ஓபராய்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் கையில் இருந்தது மணி ஒன்று, தீர்மானப் புத்தகம் ஒன்று. அதை வைத்துக்கொண்டு போராடினார்.

26 ஏப்ரல் 2025

நேற்று பாஜகவின் ராஜா இக்பால் சிங் 133 ஓட்டில் மேயர். காங்கிரஸுக்கு 8. ஆம் ஆத்மி போட்டியே போடவில்லை.

பதவி யாருக்குப் போனது என்பதைவிட எனக்கு இது வலிக்கிறது: அந்த 134 வார்டின் மக்களை இடையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2 ஜூன் 2025

நேற்று மதராசி கேம்பை இடித்துவிட்டார்கள்.

பாராபுல்லா நாலா அடைப்பதால் மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் மே மாதம் உத்தரவிட்டது. 370 வீடு. அதில் 189 குடும்பத்துக்கு நரேலாவில் மாற்று வீடு, மற்றவர்களுக்குத் தகுதி இல்லை. காலையிலேயே புல்டோசர் வந்துவிட்டது.

நான் பத்து மணிக்குப் போனேன். அக்கா ஒரு கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் கிரைண்டர், இரண்டு குடம், பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த சாமி படம், ஒரு கோணியில் பேரனின் பள்ளிப் புத்தகங்கள். வெயில் 40-ஐத் தொட்டிருக்கும். உயர்த்திக் கட்டிய இரண்டு படி மட்டும் அப்படியே நின்றது, அதற்குப் பின்னால் வீடு இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் தமிழில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், புல்டோசர் சத்தத்தில் பெயர் கேட்கவில்லை.

நாலாவை அள்ள வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர் அவர். அந்த நாலாவுக்காகத்தான் அவர் வீடு போனது. வழக்கு, நீதிபதி, துறைகள், போலீஸ் எல்லோரையும் பற்றி அங்கே பேசினார்கள். மேயரைப் பற்றி யாரும் பேசவில்லை. கவுன்சிலர் பெயரை ஒரு பெண் மட்டும் சொன்னார்.

நல்லவேளை, அக்காவுக்கு நரேலா கிடைத்திருக்கிறது. ஊரின் வடகோடி. ஜங்புராவில் நாலு வீட்டு வேலை, இனி எப்படி வருவார் என்று தெரியவில்லை.

15 ஜூன் 2025

நிலைக்குழு ஒருவழியாக அமைந்துவிட்டது. தலைவர் சத்யா சர்மா. 2023 ஜனவரி 6 அன்று தற்காலிகத் தலைவராக உட்கார்ந்தாரே, அவரேதான். ஆம் ஆத்மியிலிருந்து 15 கவுன்சிலர்கள் போன மாதம் பிரிந்து தனிக் கட்சி தொடங்கினார்கள். அவர்களில் யாரும் பதவியை இழக்கவில்லை.

இனியாவது ஒப்பந்தங்கள் நகரட்டும், நான் மனதாரச் சொல்கிறேன். எந்தக் கட்சி என்றாலும் குப்பை அள்ளுகிறவர்களுக்கு முதல் தேதி சம்பளம் வரட்டும், மலை கரையட்டும். முழு அதிகாரத்தோடு மேயர் இருந்தால் என்ன ஆகும் என்று இப்போது பார்க்கலாம்: மன்றமும் குழுவும் டெல்லி அரசும் மத்திய அரசும் ஒரே கட்சி. இனி யாரும் யாரையும் கைகாட்ட முடியாது.

அக்கா நேற்று வந்திருந்தார். காலை நாலு மணிக்குக் கிளம்பினாராம், இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. வாக்காளர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். முகவரி இன்னும் மதராசி கேம்ப், ஜங்புரா. "இதை மாத்தணும்மா. அங்க கரண்டு இல்ல, தண்ணி லாரி வருது. யாருக்குப் போடணும்னு அப்புறம் பார்த்துக்கலாம், பேரு முதல்ல இருக்கணும்" என்றார்.

படிவம் 8-ஐத் திறந்து உட்கார்ந்தோம். புது வீட்டு பிளாக் எண், மாடி எண், கதவு எண் மூன்றையும் ஒரு பால் பாக்கெட் கவரில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். கவர் ஈரம் பட்டுக் கடைசி எண் கலங்கியிருந்தது, 1-ஆ 7-ஆ தெரியவில்லை. பேரனுக்கு போன் போட்டோம். அவன் கீழே இறங்கிப் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

7.